பேத்தியுடன் உள்ளே போகாதீர்கள்

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும். குறைந்ததால்தானே என் மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க நீங்களே கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இங்கே நான் வேலை பார்க்கும் கல்லூரியில் புது மாணவர்களுக்கு வழிகாட்டும் மேசையில் இருந்தேன். போன வாரம் ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். "என்ன பாடம் எடுக்கப்போறம்மா?" என்று அவளைக் கேட்டேன். "கணக்கியல்" என்றார் அவர். "விடுதி வேணுமாம்மா?" "வேணாம் சார்" என்றார் அவரே. "அவளுக்குப் பல்வலி வந்தாலும் நீங்கதான் வாயைத் திறப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பெண் சிரித்துவிட்டாள். அவர் புகார் கொடுத்தார். இப்போது என்னை விடுதிச் சாவி கொடுக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். கவலை வேண்டாம், இங்கே நல்ல காற்று வருகிறது.

அந்தக் காலத்தில் எனக்குத் தாவரவியலில் இடம் கிடைத்தது. "செடிக்குத் தண்ணி ஊத்தப் பட்டம் எதுக்கு சார்?" என்று கல்லூரி அலுவலகத்தில் சிரித்துப் பேசி, நீங்கள்தான் என்னை வணிகவியலில் தள்ளினீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அவளை வாசலோடு விட்டுவிடுங்கள். சான்றிதழ்களுக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். என்ன பாடம் என்பதை அவள் வாயால் சொல்லட்டும். முதல் நாள் எல்லோரும்தான் வழி தவறுகிறார்கள். நாலு பேரைக் கேட்டுப் போய்ச் சேர்கிறார்கள். அதனால் யாரும் செத்ததில்லை.

எங்காவது திகைத்து நின்றால் எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அந்த வளாகத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் எடுப்பேன். சும்மா கூப்பிட்டாலும் எடுப்பேன்.

சாவிக்கு வரிசை நிற்கிறது. நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்