மார்செய்க் கடிதத்தில் ஒரு சொல்

8-7-57, திங்கள்
காலையிலேயே வெக்கை. இலை அசையவில்லை. ஆபீசில் இரண்டு கிரயப் பத்திரம் நகல் எடுத்தேன்.

பிரெஞ்சு நாட்டு மார்செய் கடிகாரக்காரரிடமிருந்து கடிதம். ஆறு மாதமாகப் பிரெஞ்சில் எழுதிக்கொள்கிறோம். இம்முறை முழுவதும் எஸ்பெராந்தோ, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கிய பாஷை. பழகினால்தான் வரும் என்று முன்பே மிரட்டியிருந்தார். நானோ இன்னும் நாலாம் பாடம்.

மகள் தெரேசுக்கு அங்கே நர்ஸ் படிப்பு. விடுதி திறக்க மூன்று வாரம் முன்பே கப்பல் போய்ச் சேர்ந்துவிடும். அதுவரை உங்கள் வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில்.

9-7
அகராதியோடு மல்லுக்கட்டி ஒரு வரி. 'எங்கள் கதவு உங்கள் மகளுக்கு மல்ஃபெர்மீதா.' அந்தச் சொல் அகராதியில் இல்லை. பிரித்தேன். மல்: பிரெஞ்சில் கெட்டது. ஃபெர்ம்: மூடு. ஆக, வெறுப்போடு மூடிய கதவு. முகத்தில் அடித்த மாதிரி.

மனைவி செசிலியிடம் சொன்னேன். "கதவ சாத்திட்டாரா? நல்லதாப் போச்சு. கண்காணாத ஊருக்கு வயசுப் பொண்ண எப்படி அனுப்புறது?"

தெரேஸ் எழுந்து உள்ளே போய்விட்டாள். சாப்பிடவும் இல்லை.

10-7
பிற்பகல் தூறல். கப்பலில் இடம் வேண்டாமென்று கம்பெனிக்குக் கடிதம் எழுதி வைத்தேன். நாளை தபாலில் சேர்க்க வேண்டும். தலைவலி.

11-7
காபி குடிக்குமுன் தெரேஸ் என் எஸ்பெராந்தோப் புத்தகத்தோடு வந்தாள். ஆறாம் பாடம்.

"அப்பா, வார்மான்னா சூடு. மல்வார்மாவுக்கு என்ன போட்டிருக்கு பாருங்க."

குளிர்.

"யூனா இளசு. மல்யூனா கெழடு. இந்தப் பாஷையில மல் வந்தா கெட்டதுன்னு இல்லப்பா. அர்த்தத்தத் திருப்பிப் போடுது."

மூடியதைத் திருப்பினால் திறந்தது! கதவு திறந்திருக்கிறது! எனக்குத் தெரிந்த பிரெஞ்சே என் கண்ணை மறைத்துவிட்டது. நல்ல மனுஷனை இரண்டு நாளாக மனதுக்குள் திட்டியிருக்கிறேன். கப்பல் கடிதத்தைக் கிழித்தேன்.

தெரேஸ் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

12-7
மூன்று தரம் வாயெடுத்து, நாலாவது தரம் சொன்னேன். செசிலி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நல்லாப் பாத்தீங்களா? மறுபடி மாறாதே?"

"மாறாது."

கை நின்றது. பக்கத்தில் உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய.

பிறகு அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு: "அந்த வூட்டம்மா காரம் சாப்புடுமா? எழுதிக் கேளுங்க. ஊறுகா போடணும்."