பெல்ட்டைப் பிடித்த கை

மாமு,

இன்று காலை நாகலாபுரம் மலைக்குக் கிளம்பலாம் என்று அந்தப் பழைய காக்கி பேன்ட்டை எடுத்தேன். பின்பக்கம் பெல்ட் லூப் ஒன்று அறுந்து தொங்கியது. தைத்துத் தருகிறேன் என்று என் மனைவி ஊசி நூலோடு வந்தாள். வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டேன். அது நீ அறுத்தது.

ராயபுரத்துக்காரன் நீ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நான் சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு விற்பவன். நம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய கேமரா. லீவு கிடைத்தால் மலை. "நம்ம ஏரியால உசரமா கீறது புகைக்கூண்டுதான் மாமு, அத்த எத்தினி தபா எடுப்ப?" என்பாய். ஒருவன் படம் எடுக்கும்போது மற்றவன் பின்னால் நின்று அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இது நீ போட்ட சட்டம். "கிரேன்ல குந்திக்கினா கீழ எனக்கு ஒண்ணும் தெரியாது. சிக்னல்காரன் கை காட்டினாத்தான் பெட்டியே எறங்கும். உன் கண்ணு கேமராவுல கீறப்போ உன் காலுக்கு எவன் கண்ணு?" நான் சிரிப்பேன். மற்றவர்கள் பார்த்தால் மாடு பிடித்துக்கொண்டு போகிறான் என்று நினைப்பார்கள் என்பேன்.

கண்டிக்கோட்டை மலை விளிம்பில் சிரிப்பு போயிற்று. செம்பாறைக்கு நடுவே, எங்கோ ஆழத்தில் பெண்ணாறு. ஆறு முழுக்கப் படத்துக்குள் வரட்டும் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தேன். காலடியில் கல் உருண்டது. லூப் அறுந்த சத்தம் கேட்டது. அதற்குள் உன் இன்னொரு கையும் பெல்ட்டைப் பற்றியிருந்தது. இருவரும் பாறைமேல் மல்லாந்து விழுந்தோம். உனக்கு உதடெல்லாம் வெளுத்துவிட்டது. "கஸ்மாலம்! உன் பொண்டாட்டி வந்து கேட்டா நான் இன்னாடா பதில் சொல்றது?" என்று கத்தினாய். அழவும் செய்தாய்.

அப்படிப்பட்டவன், கையளவு பள்ளம்கூட இல்லாத மணலி ரோட்டில், பட்டப்பகலில் போய்விட்டாய். சிக்னலில், பைக்கில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, காலை ஊன்றி நின்றிருந்தாயாம். பின்னாலிருந்து டேங்கர் லாரி. போனில் சொன்னவரிடம், "எந்த மலையில்?" என்று கேட்டேன். மணலி என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. இன்னும்தான் ஏறவில்லை. நின்றுகொண்டிருந்தவனுக்கு எப்படியடா அது நடக்கும்?

ஆஸ்பத்திரியில் உன் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எப்பவும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போவீங்க? இன்னிக்கு நீ எங்கண்ணே போன?" என்று கேட்டாள். கடையில் தகடு எடை போட்டுக்கொண்டிருந்தேன். அதையா சொல்வது? இன்றுவரை உன் வாசல் பக்கம் போகாமல் சுற்றுவழியில்தான் கடைக்குப் போகிறேன்.

இன்று மலைமேல், சுனைக்கு மேலுள்ள வழுக்குப் பாறையில், நான் கேமராவை எடுக்கவேயில்லை. யாரோ ஒருவர் செல்போனில் கண்ணை வைத்தபடி விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தார். என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் அவர் பெல்ட்டைப் பிடித்திருந்தேன். மனுஷன் வெலவெலத்துத் திரும்பினார்.

"யார் சார் நீங்க?"

"யாரும் இல்லீங்க," என்றேன். "நீங்க எடுங்க. நான் பிடிச்சிருக்கேன்."