காந்தக் கிரேனை விட்டுவிட்டு என் பூசணிக்காயைப் பிடித்தது குறித்து

அனுப்புநர்:
ஆ. ஞானம்மா (வயது 47),
க/பெ. ஆசீர்வாதம்,
மாதா கோயில் தெரு, ஆரம்பாக்கம்,
கும்மிடிப்பூண்டி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், திருவள்ளூர்.

பொருள்: செய்யாத குற்றத்துக்கு என்னை வேலையிலிருந்து நிறுத்தியது – பக்கத்து ஆலையின் காந்தக் கிரேனைத் தள்ளி வைக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிப்காட் அருகே உள்ள தனியார் பொறியியல் கல்லூரியில், நௌஷீன் மேடத்தின் ஆய்வுக்கூடத்தை நான்கு வருடமாகப் பெருக்கித் துடைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அது எழுத்தில்தான், விஷயத்தில் இல்லை.

1. அங்கே இரண்டு தங்கக் கம்பிகளின் நுனிக்கு நடுவில் ஒரே ஒரு மூலக்கூறு உட்கார்ந்திருந்தது. அது ஒரு குட்டிக் காந்தம். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதைப் பொறுத்து மின்சாரம் போகும், அல்லது நிற்கும். இப்படிப்பட்ட சுவிட்சுகளைச் சேர்த்து ஒரு நாள் குவாண்டம் கணினி செய்யலாம் என்று மேடம் சொல்வார்கள். அந்தக் காந்தம் ஒரே சமயத்தில் மேலேயும் பார்க்குமாம், கீழேயும் பார்க்குமாம். சூப்பர்வைசர் வீரராகவன் சாரிடம் வேலை பார்த்தவள் என்பதால் இது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

2. அதை உட்கார வைக்க மேடத்துக்கு இரண்டு வருடம் ஆனது. 13.10.2008 திங்கள் காலை பத்தரைக்கு அது போய்விட்டது. மேடம் நாஷ்டா டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குப் போனார்கள்.

3. 8-ஆம் தேதி ஆயுத பூஜையன்று வாசலில் நான் பூசணிக்காய் உடைத்த அதிர்வில் கெட்டது என்கிறார்கள் கல்லூரி நிர்வாகத்தார். உடைத்தது உண்மை. வாட்ச்மேன் அப்பாவு அண்ணனுக்குத் தோள்வலி. மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரியானாலும் கையில் பலம் உண்டு என்று என்னிடம் கொடுத்தார். ஒரே போடு. ஆனால் பூஜையன்று கருவிக்கு ஓய்வு கொடுப்பது ஊர் வழக்கம். மிஷினை நிறுத்தி மாலை போட்டிருந்தோம். அதற்குப் பிறகு 10, 11, 12 மூன்று நாளும் அளவு நன்றாகவே வந்தது.

4. மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்பு உருக்கும் ஆலை. அங்கே பதினோரு வருடம் பழைய இரும்பு பொறுக்கினேன். காந்தக் கிரேனுக்குக் கரண்ட் கொடுத்தால் இரும்பு ஒட்டும், நிறுத்தினால் இரண்டு டன் ஒரேயடியாக விழும், தரையே அதிரும். அதுவரை மறுகோடியில் ஓடிய அது, பூஜை விடுமுறை முடிந்து முதல்முறையாக மதில் ஓரமாக ஓடத் தொடங்கியது அதே திங்கள், அதே பத்தரை.

5. ஆலை முதலாளி எங்கள் கல்லூரி அறக்கட்டளையிலும் இருக்கிறார். ஆகவே பூசணிக்காய் மாட்டிக்கொண்டது. என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, மன்னிப்புக் கடிதம் ஒன்றை நிர்வாகத்தாரே எழுதி நீட்டினார்கள். “இன்னா ஞானம்மா, ஒரு கையெழுத்து தானே, போட்டுக்கினு வேலைக்கு வா” என்றார் வீரராகவன் சார். “போன வாரம் உடைச்ச பூசணி இந்த வாரம் ஆட்டுச்சுன்னு நீ முதல்ல போடு சார், கீழ நான் போடுறேன்” என்றேன். பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டால் கிரேன் அங்கேயே நிற்கும், மேடம் அடுத்து உட்கார வைப்பதும் போகும். என் மேல் தப்பில்லை என்று மேடம் எழுதிக் கொடுத்ததன் நகலை இணைத்துள்ளேன்.

ஆகவே, கிரேனை ஆலையின் மறுகோடிக்கு மாற்றவும், என் வேலையைத் திரும்பத் தரவும் ஐயா உத்தரவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் திசைகாட்டி ஒன்றோடு ஆள் அனுப்புங்கள். மதில் மேல் வைத்து, அவர்கள் கிரேனை ஓட்டட்டும், நான் இன்னொரு பூசணிக்காய் உடைக்கிறேன். முள் எதற்கு ஆடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பூசணிக்காய் என் செலவு.

அந்தத் தாளில் போடாத கையெழுத்தை இந்தத் தாளில் போட்டிருக்கிறேன்.

இடம்: ஆரம்பாக்கம்
நாள்: 20.10.2008

இப்படிக்கு,
ஆ. ஞானம்மா