கஞ்சி மாவு

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகத்தில் ஆமை இன்றும் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். எதையும் நிதானமாகச் செய்வாள் என்பதால் நான் வைத்த பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள். ஏழு வாரமாக என் செய்முறையைத்தான் செய்து பார்க்கிறாள்: மாவுச்சத்தைக் கரைத்து, தாமிர உப்பைச் சேர்த்து, சல்பைடைச் சொட்டுச் சொட்டாக விடுவது. நீலம் கறுக்கிறது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் எனக்கு வந்த இதழ் இதழான நானோ பூக்கள் இல்லை. வெறும் கட்டி.

மார்ச் 6

எங்கள் ஆராய்ச்சி வழிகாட்டி சார், என்னைக் காட்டி ஆமையிடம் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அவளுக்கு வருது, உனக்கு வரலைன்னா உன் கை சுத்தமில்லைன்னு அர்த்தம்." நான் குனிந்து பேனா மூடியைத் தேடினேன். மூடி கையில்தான் இருந்தது.

மார்ச் 7

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். எனக்குப் பூ வந்த அந்தச் சனிக்கிழமை ஆய்வக மாவுச்சத்து பாட்டில் காலி. திங்கள்வரை யார் காத்திருப்பது? அண்ணி துணிக்குக் கஞ்சி போடும் பாக்கெட்டிலிருந்து நாலு கரண்டி எடுத்துப்போனேன். அதில் என்ன பிசின் கலந்திருக்கிறதோ, பூத்துவிட்டது. சார் குதிக்காத குறை. ஆய்வுக் கட்டுரையில் "தூய மாவுச்சத்து" என்று எழுதினேன், கூச்சமே இல்லாமல். அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம், அப்புறம்னு அச்சிலேயே வந்துடுச்சு.

மார்ச் 11

"நீ எந்த மாவுடி போட்டே?" — ஆமை.

"இதே பாட்டில்தான்."

எவ்வளவு சுலபமா வாயில வந்துச்சு! சீ.

மார்ச் 14

இந்த மாதத்துக்குள் பூ வராவிட்டால் சார் அவளை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிடுவாராம். சோப்பு, அமிலம் என்று கழுவிக் கழுவி அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. களிம்பு வாங்கிக் கொடுத்தேன். களிம்பு! என்னைச் செருப்பால அடிக்கணும்.

மார்ச் 17

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 18

அண்ணியிடம் உடைத்துவிட்டேன். "என் மாவ எடுத்தா எடுத்துட்டுப் போ. அந்தப் பொண்ணு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். பாக்கெட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 19

பாக்கெட்டோடு போனேன். முதலில் சாரிடம். கத்தினார், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆமையும் கத்துவாள், அறைவாள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அவள் பாக்கெட்டைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"அப்போ என் கைமேல தப்பில்லையா?"

அழுதுகிட்டே சந்தோஷப்பட்டா. சந்தோஷம்! ரெண்டு அறை விட்டிருக்கலாம் அவ.

ஏப்ரல் 2

திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த மாவில் இருப்பது எந்தப் பிசின் என்று கண்டுபிடிக்கும் வேலை இனி அவளுடையது. எனக்குக் குடுவை கழுவும் வேலை. ஆமை அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.

ஏப்ரல் 24

அவளுக்குப் பூ வந்துவிட்டது. நுண்ணோக்கி அறையில் ஒரே கைதட்டல். நான் குடுவை கழுவும் தொட்டியை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்து பக்கத்தில் நின்றாள். கையில் நான் கொடுத்த அதே களிம்பு, பாதி பிதுக்கியது.

"போட்டுக்கோ. உனக்கும் வெடிச்சிருக்கு."

ஒரு மாதத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு. போட்டுக்கொண்டேன். எரிகிறது.