சிவப்பு மேலே வந்தால்

ஜூன் 9, திங்கள்

இன்று வரைந்தவை: ‘வாங்கு’ பட்டன், ‘மீண்டும் ஆடு’ பட்டன், ஒரு பூட்டு, ஒரு சாவி, குவியலாகப் பொற்காசு. ஒன்பது வருடமாக இதே கதைதான். இந்த ஊரில் என் பட்டனை அமுக்காத கட்டைவிரல் இருக்காது. அந்தப் பெருமை ஒன்றுதான் மிச்சம்.

ஆபீஸில் பெரிய கூத்து. ஆசிய நாடுகளுக்கு ஆளுக்கொரு சூப்பர் ஹீரோ என்று எங்கள் ஸ்டுடியோ ஒரு மொபைல் கேம் செய்கிறது. ஒவ்வொருவரின் உடையும் அந்தந்த நாட்டுக் கொடியிலிருந்து பிறக்க வேண்டும். ஹீரோக்களை வரையும் குழுவுக்கு ஷ்ரேயாஸ் தலைவன். அவன் வரைந்த இந்திய ஹீரோவுக்குத் தொடையில் காவி, முழங்காலில் வெள்ளை, கணுக்காலில் பச்சை. வக்கீலிடமிருந்து மெயில் வந்துவிட்டது: தேசியக் கொடியை இடுப்புக்குக் கீழே உடையாக அணியக் கூடாது, சட்டமே இருக்கிறது, படமானாலும் வம்பு வேண்டாம். நான் சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தேன்.

கொடியைப் போர்வை மாதிரி சுற்றிவிட்டால் ஹீரோ ஆகிவிடுவானா? கை அரிக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் நானே ஒரு இந்திய ஹீரோவை வரைந்தேன். இடுப்புக்குக் கீழே வெறும் கருஞ்சாம்பல். தோளில் காவி, மார்பில் வெள்ளை, விலாவில் பச்சை. சக்கரத்தை நெஞ்சில் வில்லை மாதிரி ஒட்டாமல் முதுகில் வைத்தேன். ஓடும்போது ஆரங்கள் விரியும். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கொண்டுபோய் மமதாவின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மமதாதான் ஸ்டுடியோவின் ஓவியப் பிரிவுக்கு மேலாளர். கன்னடக்காரர், என்னிடம் பாதி தமிழ். படத்தோடு என் இடத்துக்கே வந்தார். “ஏனம்மா விஜி, இவ்ளோ நாள் இத எல்லாம் எல்லி வெச்சிருந்தே?” எங்கே வைத்திருந்தேன் என்று கேட்கிறார்.

பிலிப்பைன்ஸ் வீராங்கனையை எனக்கே கொடுத்துவிட்டார்! பணம் போடும் கம்பெனி மணிலாவில்தான் இருக்கிறது, அதனால் அவர்கள் இவளைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் நான் ஷ்ரேயாஸ் குழுவுக்கு மாறலாம். பிடிக்காவிட்டால் பட்டன்தான், அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

எங்கள் தோம்லூர் ஏரியா முழுக்க ஹாரன் சத்தம். ஜன்னலைச் சாத்திவிட்டு வரைந்தேன். டிப்போவிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் இளங்கோவன் காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் பின்னால் வந்து நின்றார். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்த மனுஷனுக்கு வாய் மட்டும் ஓயாது.

“இன்னா விஜி, இந்தம்மா பேன்ட் மேல ஜட்டி போடலியா? அப்போ எப்டி சூப்பர் ஹீரோ?”

பென்சிலால் ஒரு அடி வைத்தேன்.

அந்தக் கொடியில் மேலே நீலம், கீழே சிவப்பு, பக்கத்தில் வெள்ளை முக்கோணம். முக்கோணத்துக்குள் பொன்னிறச் சூரியன், மூலைக்கொரு நட்சத்திரம். கொடிக்கு உடம்பு கிடையாது, இடுப்பு கிடையாது. இவளுக்கு இருக்கிறது. அங்கேதான் திண்டாட்டம்.

ஜூன் 13, வெள்ளி

வரைந்ததெல்லாம் பள்ளி மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

கிடைத்துவிட்டது. தோளில் சிவப்பு, கீழே நீலம். சிவப்பு முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஆளே எழுந்து நிற்கிறாள்.

ஷ்ரேயாஸ் எட்டிப் பார்த்து, “கொடியில நீலம்தானே மேல இருக்கு?” என்றான்.

“இது கொடிக்கம்பம் இல்ல ஷ்ரேயாஸ். பொம்பளை” என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போனான்.

ஜூன் 18, புதன்

போச்சு.

மணிலாவோடு வீடியோ கால். படத்தைக் காட்டினேன். அங்கே முடிவெடுக்கும் அம்மா ஒருவர், குட்டை முடி, வட்டக் கண்ணாடி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: நாங்கள் யாரோடு யுத்தம் செய்துகொண்டிருக்கிறோம்?

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அந்த நாட்டுக் கொடியில் அமைதிக் காலத்தில் நீலம் மேலே. சிவப்பு மேலே வந்தால் போர் என்று அர்த்தம். அதற்கென்று தனிக் கொடி கிடையாது, இதையேதான் தலைகீழாக ஏற்றுவார்கள்.

எனக்கு ஏன் இது தெரியல? கொடியோட கலரப் பாத்தேன், நீள அகலத்தப் பாத்தேன், அது என்னா சொல்லுதுன்னு ஒரு வாட்டி பாத்தேனா? ஷ்ரேயாஸ் சொன்னானே! அவன் வாய அடைச்சேனே, பெரிய இவ மாதிரி!

மமதா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “மண்டே வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். நீலத்த மேல போட்டுக் குடு, சாக்கு” என்றார். அவர் கன்னடத்தில் சாக்கு என்றால் போதும்.

ஜூன் 19, வியாழன்

நீலத்தை மேலே போட்டேன். தப்பில்லை. உயிரும் இல்லை. இதைக் கொடுத்தால் ‘பரவாயில்லை’ என்பார்கள். பரவாயில்லை என்பதற்காக யாரும் ஆளைக் குழு மாற்ற மாட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பரவாயில்லைதான்.

ஜூன் 22, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது!

இளங்கோவனின் பெரியம்மா வீட்டுக் கல்யாணம். நேற்று சாயங்காலம் ரிசப்ஷன், இன்று காலை முகூர்த்தம். இரண்டுக்கும் உடம்பு மட்டும்தான் போனது, மனசு மணிலாவில் இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் என் நாத்தனார் பாஞ்சாலி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் முந்தானை, பச்சைக் கொசுவம், பளிச்சென்று இருந்தாள்.

“புதுசாடி? நேத்து பச்சைத் தலப்புல்ல போட்டிருந்தே?”

“மெதுவா பேசுங்க அண்ணி! நேத்து கட்டுனதேதான். பாதிப்பாதி சேல. தலப்ப மாத்திக் கட்டிட்டேன். ஒருத்தருக்கும் தெரியல.”

நான் அவளையே பார்த்தேன். ஒரே துணி. ஒரு முனை மஞ்சள், ஒரு முனை பச்சை. எந்த முனையில் கட்ட ஆரம்பிக்கிறோமோ அது கீழே, மற்றது தோளுக்கு. தலைகீழாக ஏற்றும் கொடியும் இதேதானே? ஒரே துணிதானே?

அவள் கையைப் பிடித்து மணப்பெண் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைத் தாழிட்டேன். “அவுத்துடு. திருப்பிக் கட்டு. எந்தக் கை முதல்ல போவுதுன்னு நான் பாக்கணும்.”

“அண்ணி, உங்களுக்கு இன்னா ஆச்சு?”

சிரித்துக்கொண்டேதான் கட்டினாள். மூன்று தடவை. நான் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கிறுக்கித் தள்ளினேன். பந்திக்குக் கூடப் போகவில்லை. மண்டப வாசலில் இளங்கோவன், “ஐஸ்கிரீம் கூட சாப்பிடாம எங்க ஓடுறே?” என்று கத்தினார். நின்று பதில் சொல்ல நேரமில்லை.

இப்போது அவள் திரையில் நிற்கிறாள். நீலம் தோளில், சிவப்பு கீழே. நடுவில் வெள்ளை, அந்த வெள்ளையை இடுப்பில் முடிந்து, முடிச்சின் மேல் சூரியன். மணிக்கட்டுகளில் ஒவ்வொரு நட்சத்திரம், மூன்றாவது கொண்டையில். அமைதியாக இருக்கும் வரை இப்படி. அநியாயம் எல்லை மீறும்போது ஒரு சுழற்சி, ஒரே இழுப்பு, சிவப்பு தோளுக்கு ஏறும். சூரியன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், நன்றாக வந்திருக்கிறது!

ஜூன் 23, திங்கள்

காலையில் நேரே ஷ்ரேயாஸிடம் போனேன். “அன்னிக்கு நீ சொன்னது சரி. கேட்டிருக்கணும்” என்றேன். படங்களைக் காட்டினேன். அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, துணி சுழலும் இடத்துக்கு நடுவே இன்னும் இரண்டு படம் வேண்டும் என்றான். அவனே வரைந்தும் கொடுத்தான். நல்ல பையன்தான்.

கால். முதலில் நீலம் மேலே இருக்கும் படம். வட்டக் கண்ணாடி அம்மா தலையசைத்தார், அவ்வளவுதான். அடுத்து, துணி மாறுவதை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினேன்.

அவர் எழுந்து போய்விட்டார்! நாற்காலி மட்டும் திரையில். மமதா என்னைப் பார்க்கிறார், நான் மேஜையைப் பார்க்கிறேன். திரும்பி வந்தபோது பின்னால் ஒரு கும்பலே வந்தது. இவர்களுக்கும் காட்டுங்கள் என்றார். காட்டினேன். சிவப்பு தோளுக்கு ஏறிய நொடியில் அந்தப் பக்கம் விசில் பறந்தது. மறுபடி, மறுபடி என்றார்கள்.

யுத்தம் வந்தால் இவளையே அனுப்புவோம் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு அழுகை. மமதா முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “நாளைலேந்து ஷ்ரேயாஸ் பக்கம் உக்காரு.”

ஆகஸ்ட் 4, திங்கள்

மணிலாவிலிருந்து ஒரு வீடியோ. ஆபீஸ் விழாவில் அந்த வட்டக் கண்ணாடி அம்மாவே நிஜமாகத் துணி தைத்து, நம் ஆள் மாதிரி கட்டிக்கொண்டு மேடையில் சுற்றுகிறார். பாதியில் துணி சிக்கி, இரண்டு பேர் ஓடிவந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கடைசியில் சிவப்பு ஏறியது. அரங்கம் அதிர்ந்தது.

பாஞ்சாலிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். “கொசுவமே சரியா வெக்கல அண்ணி. என்னக் கூப்பிட்டிருந்தா போயி கட்டி வுட்டுட்டு வந்திருப்பேன்ல?”

நாளை நேபாளம். உலகத்திலேயே செவ்வகமாக இல்லாத ஒரே நாட்டுக் கொடி, முக்கோணத்தின் மேல் முக்கோணம். ஷ்ரேயாஸுக்கு அதன் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். எனக்குக் கொடுத்துவிடேன் என்று கேட்டான்.

தர மாட்டேன் என்றேன்.