தும்பிக்கை மீன் கொடுத்த உத்தரவு

ஜூன் 6, வெள்ளி

…நீயே சொல்லு காந்தமலை முருகா, நான் செய்தது தப்பா? திங்கட்கிழமை, என் மகன் விரும்புகிற கிறிஸ்தவப் பெண் நான்சியின் அப்பா வின்சென்ட் சேலத்திலிருந்து சம்பந்தம் பேச வருகிறார். "நீ வேண்டாம்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கிட்டு பெங்களூருக்கே போயிருவேம்மா" என்கிறான் நான் பெற்ற நவநீதகிருஷ்ணன். உன் சன்னதியில் பூப்போட்டு உத்தரவு கேட்கலாமென்றால், பூசாரி மோகனூர் முழுக்க ஒலிபரப்பிவிடுவார்.

அப்போதுதான் தம்பி மகள் சண்முகப்பிரியாவின் மீன் கண்ணில் பட்டது. காலேஜ் ஆராய்ச்சியாம், லீவுக்கும் தொட்டியோடு வந்திருக்கிறாள். ஆப்பிரிக்கா மீன். வாயில் தும்பிக்கை! சாட்சாத் உன் அண்ணன் பிள்ளையார். வாலிலிருந்து துளிக் கரண்ட் விட்டு, இருட்டிலும் சுற்றியிருப்பதைத் தெரிந்துகொள்ளுமாம். அவள் தண்ணீரில் ஒயர் போட்டு அதை ஸ்பீக்கரில் டிக் டிக் என்று கேட்கிறாள். சுவரில் பல்லி சொல்வதைக் கேட்டால் மட்டும் எனக்கு மூடநம்பிக்கை!

ஸ்பீக்கரில் மீன் படபடவென்று அடித்தால் வேண்டாம், அடங்கியிருந்தால் சம்மதம். நானே வைத்துக்கொண்டது. நான்சி அவனுக்குக் கொடுத்த சிலுவை மோதிரத்தை நூலில் கட்டி இறக்கினேன். கடுகு வெடிக்கிற மாதிரி பொரிந்து தள்ளியது. தேங்காய் உடைத்தேன்.

ஜூன் 7

பிரியா சிரிக்கிறாள். "ஏனுங்கத்தை, எதைப் புதுசாப் போட்டாலும் அப்புடித்தான் அடிக்கும். உங்க வளையலப் போடுங்க, பார்க்கலாம்."

போட்டேன். அதே படபடப்பு. முப்பது வருசமா கிருத்திகை இருக்கறவளுக்கும் அதேதானா? மரியாதை தெரியாத மீன்.

"திரும்பத் திரும்ப அதையே போட்டாப் பழகிருமுங்க. அப்புறம் சட்டையே பண்ணாது."

பழகுமாம். அது பழகும். நான்?

ஜூன் 8

மோதிரம், இன்றைக்கே மூன்றாம் முறை. பேருக்கு நாலு தட்டு தட்டிவிட்டு அடங்கிவிட்டது. துரோகி.

ஜூன் 9, திங்கள்

பிரியா நாமக்கல் போயிருந்தாள். வாசலில் வின்சென்ட்டின் கார் நின்றதும் கடைசியாக ஒருமுறை இறக்கினேன். ஒரு டிக் கூட இல்லை. மீன் பாட்டுக்கு மோதிரத்தை உரசிக்கொண்டு போகிறது. நீயே ஒத்துக்கொண்ட பிறகு நான் யார் முருகா?

"உள்ள வாங்க சம்மந்தி" என்றேன். நவநீதன் பிளந்த வாயை மூட அரைமணி நேரமாயிற்று.

ஆகஸ்ட் 29

கல்யாணமாகிப் பத்து நாள். சேலத்துச் சர்ச்சில் மோதிரம், இங்கே தாலி. நான்சி 'அத்தைங்க, அத்தைங்க' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். ரசத்தில்தான் உப்பில்லை. கல்யாணத்தன்று இழவு விழுந்த மாதிரி மூக்கைச் சிந்திய நாத்தனார் காளியாத்தாள், இன்றைக்கு நான்சியிடமே இரண்டாவது காபி கேட்டாள். "முருகன் உத்தரவு குடுத்த கல்யாணமுங்க" என்று நானும் பெருமையடித்துவிட்டு, மாவாட்ட கிரைண்டரை மாட்டப் போனேன்.

ஐயையோ. அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே சம்மந்திக்கு வடை சுட, உளுந்தாட்டப் பிளக்கில் இடமில்லையென்று மீன்தொட்டி ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிவிட்டது நான்தான்.