உங்கள் வண்டி எங்கள் முன்னறையில்

இஸ்மீர்
3 மார்ச் 1998

மதிப்பிற்குரிய பெரின் அக்காவுக்கு,

என் பெயர் மெலிஹா. ஹல்தூனின் இப்போதைய மனைவி. கடிதத்தை இந்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சண்டை போடத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கசக்கி எறிந்த பிறகு கொஞ்சம் தணிந்திருக்கிறேன்.

உங்கள் முகவரி வண்டி வரிக் காகிதத்தின் பின்பக்கம் இருந்தது. வண்டி இன்னமும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது போல.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. டிசம்பரில் அவர் தன் மாமாவின் கிடங்கிலிருந்து நசுங்கிப்போன ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினார். சாப்பாட்டு மேஜை பின்கட்டுக்குப் போனது. அன்றிலிருந்து நாங்கள் அடுக்களையில் நின்றபடி சாப்பிடுகிறோம். வேலை முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். வளைந்த முன்சக்கர ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து வேறொன்று மாட்டியிருக்கிறார். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் கூடு பதினேழு துண்டாகக் கிடந்தது. அதைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பொருத்தி, சூடான கம்பியால் உருக்கி ஒட்டுகிறார். வீடு முழுக்க அந்த நாற்றம்தான். டேங்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்க்கிறார். அக்கா, அந்தக் கை என் முதுகில் ஒரு நாளும் அப்படிப் பட்டதில்லை. முன்பின் தெரியாத உங்களுக்கு இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

எதிர்வீட்டு ஸஃபியே நேற்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி மெலிஹா, மத்தவங்க சக்களத்தி தெருமுனையில நிப்பா. உன் சக்களத்தி நடு வீட்டுல ஸ்டாண்டு போட்டுல்ல நிக்கறா!" என்றாள். தெருவே சிரித்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் அவருக்குக் கடிதம் எழுதுகிறீர்களா? வண்டி வேண்டுமென்றால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நானே கதவைத் திறந்துவிடுகிறேன். பதிலை நான் தையல் வேலை பார்க்கும் திரைச்சீலைக் கடைக்கு அனுப்புங்கள். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

மரியாதையுடன்,
மெலிஹா


அய்வாலிக்
11 மார்ச் 1998

மெலிஹாவுக்கு,

என்னை அக்கா என்று அழைக்காதே. நான் உனக்கு எந்த முறையிலும் ஒன்றும் ஆகமாட்டேன்.

அவனுக்கு நான் எழுதவில்லை. எங்கள் இருவர் கையெழுத்தும் சேர்ந்திருக்கும் கடைசித் தாள் விவாகரத்துத் தாள்தான். வண்டியும் வேண்டாம். என் இடது இடுப்பில் ஒரு கம்பி இருக்கிறது. ஆலிவ் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மாடிப்படி பதினெட்டு. ஏறி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று உனக்குச் சொல்ல விருப்பமில்லை.

டிசம்பரிலிருந்து தினமும் உட்காருகிறான் என்று எழுதியிருக்கிறாய். நான் நாற்பத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூன்று நாள் வந்தான். நான்காம் நாள் அவன் அம்மாவிடம் ஒரு புட்டி அத்திப்பழ ஜாம் கொடுத்தனுப்பினான். அதோடு சரி. நல்லது, இப்போதாவது உட்காரக் கற்றுக்கொண்டிருக்கிறானே.

ஒரு விஷயம். ஃபோர்க்கை மாற்றினால் மட்டும் போதாது. அப்படி அடி வாங்கிய வண்டியில் ஹேண்டில் பார் உட்காரும் கழுத்துப் பக்கம் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸே கோணியிருக்கும். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் பார்க்கச் சொல். அவன் அவசரக்காரன், பார்த்திருக்க மாட்டான். பார்க்காமல் ஓட்டினால் முதல் வளைவிலேயே நீ விதவை. நான் சொன்னதாகச் சொல்லாதே.

பெரின்

பி.கு: என்ன சிவப்பு அடிக்கிறான்? கடையில் டப்பாவில் கிடைக்கும் சிவப்பா, அதற்கென்று இருந்த அந்தச் சிவப்பா?


இஸ்மீர்
14 ஏப்ரல் 1998

பெரின் அக்காவுக்கு (வேறு எப்படி அழைப்பதென்று தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்),

அவர் வேலைக்குப் போன பிறகு நானே நூல் பிடித்துப் பார்த்தேன். தையற்காரிக்கு நூல் பிடிக்கத் தெரியாதா? ஒரு பக்கம் சுண்டுவிரல் அகலத்துக்கு விலகி நின்றது. "கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னாரு" என்று மாலையில் அவரிடம் சொன்னேன். அளந்து பார்த்தார். பொருத்தியது அத்தனையும் மறுபடி கழற்றி, சேஸை மட்டும் ஒரு பட்டறைக்குத் தூக்கிப் போனார். இன்னும் ஒரு மாதம். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

சிவப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கென்று இருந்த அதே சிவப்புதான். நான்கு நாள் பெயின்ட் கடையில் நின்று, கலக்கிக் கலக்கிக் கொண்டுவந்தார். பெருநாளுக்கு எனக்கு ஒரு கைக்குட்டை வாங்க அவருக்கு நேரமில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் பருப்பு முறத்தை அந்த டேங்க் மேல் வைத்துவிட்டேன். வேறு இடம் எங்கே இருக்கிறது?

"எடு அத! எது மேல எத வெக்கறதுன்னு ஒரு விவஸ்தை இல்ல?"

"வண்டிதானே?"

"வண்டிதானேன்னு சொல்லாத!"

"பின்ன என்னன்னு சொல்லட்டும்? அவ பேரச் சொல்லிக் கூப்பிடட்டுமா?"

அவர் ஈரத்துணியால் டேங்கைத் துடைத்தார். எனக்கு அந்தத் துணியைப் பிடுங்கி அடுப்பில் போடவேண்டும் போல இருந்தது.

ஆமாம், உங்கள்மேல் எனக்குப் பொறாமைதான். சொல்லிவிட்டேன். இப்போது சீட்டுக்கு உறை தைத்துத் தா என்கிறார். நீங்கள் உட்கார்ந்த சீட்டுக்கு, என் கையால். விபத்தன்று வண்டியை ஓட்டியது நீங்கள்தானாமே. "அவளுக்கு வேகம்தான் பெருசு, சொன்னா கேக்கமாட்டா" என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னார். சொன்ன பேச்சைக் கேட்காமல் தன்னையும் அவரையும் சாகக் கொடுக்கப் பார்த்தவளுக்கு இத்தனை. சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றபடி சாப்பிடுகிறவளுக்கு ஒன்றுமில்லை. இது என்ன நியாயம்?

மெலிஹா


அய்வாலிக்
22 ஏப்ரல் 1998

மெலிஹா,

நான் ஓட்டினேனா?

அன்று ஐந்து வண்டிகளில் கராபுருன் போனோம். போகும்போது ஓட்டியது நான்தான். என் வண்டி, என் சம்பளத்தில் வாங்கியது. டீக்கடையில் நிறுத்தியபோது கூட்டத்தில் ஒருவன், "ஹல்தூன், உம் பொண்டாட்டி வளைவுல சாயறதப் பாத்தியா? பின்னாடி உக்காந்து கத்துக்கய்யா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் செய்த குற்றம் அதுதான். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "சாவியக் குடு" என்றான்.

கொடுத்தேன். பின்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவில், "மெதுவாப் போ ஹல்தூன், ரோட்டுல சரளை கெடக்கு" என்றேன். "வாய மூடிக்கிட்டுப் பிடிச்சுக்கோ" என்றான். அடுத்த வளைவில் வண்டி சறுக்கியது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டி என் இடுப்பின் மேல் கிடந்தது.

அப்போது அவன் லைசென்ஸ் முடக்கப்பட்டிருந்தது. நான் ஓட்டியதாகப் போலீஸில் சொல்லச் சொல்லி ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே அழுதான். சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். அவன் வந்த மூன்று நாளும் அதற்காகத்தான். ஊருக்குச் சொன்ன பொய்யை உனக்கும் சொல்லியிருக்கிறான் என்று இப்போதுதான் தெரிகிறது.

உன்மேல் எனக்குப் பொறாமை இல்லை. நம்பு. ஆனால் அவன் நான்கு நாள் நின்று நிறம் கலந்தான் என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நானும் அந்த வண்டியும் ஒரே தார்ச்சாலையில்தான் தேய்ந்தோம். அதைத் தேடி மட்டும் ஒருவன் திரும்பி வந்திருக்கிறான். அதன்மேல்தான் எனக்குப் பொறாமை. ஒரு இரும்புமேல். சிரித்துக்கொள்.

பெரின்


இஸ்மீர்
19 மே 1998

அன்புள்ள அக்கா,

சிரிக்கவில்லை.

மூன்று வாரம் உங்கள் கடிதத்தைக் கடையில் துணிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக இன்ஜினைக் கிளப்பினார், முன்னறையிலேயே. வீடு முழுக்கப் புகை. மேல்மாடிக் கிழவர், "ஹல்தூன்! வீட்டுக்குள்ள விமானம் எறக்கறியா?" என்று கத்தினார். இவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"கராபுருன் ரோட்டுல ஓட்டினது யாரு?" என்று கேட்டேன்.

இன்ஜினை நிறுத்தினார். "அவதான். எத்தன தடவ சொல்றது?"

"டீயப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சது யாரு?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை. "அது அவ வண்டி. நல்லபடியா ஆக்கி, நானே ஓட்டிட்டுப் போயி அவ வாசல்ல நிறுத்திட்டு வந்துடறேன். அதுக்குத்தான் இவ்வளவும்" என்றார். அழுதார்.

அக்கா, எனக்கு இரக்கம் வரவில்லை. உங்கள் வாசலில் அவர் நிற்பது, நீங்கள் கதவைத் திறப்பது, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் என் கண்முன் வந்தன. மறுநாள் சீட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். உறை தைத்து முடித்து, துணி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். தையல் சரியில்லை, பிரித்துத் தைக்கிறேன் என்று அவரிடம் சொல்கிறேன். சீட்டு இல்லாமல் அவரால் எங்கும் போக முடியாது.

நீங்கள் சொல்லுங்கள். அவர் வரட்டும் என்றால் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கிறது.

மெலிஹா


அய்வாலிக்
30 மே 1998

மெலிஹா,

உன் கடிதம் வந்த அன்று வாசற்படியைக் கழுவினேன். அடுத்த நாள் கண்ணாடி முன் நின்று, கால் இழுக்காமல் நடக்கப் பழகினேன். அவன் வரட்டும் என்று எழுதி, உறையில் போட்டு, தபால்பெட்டி வரைக்கும் போனேன். உன்னிடம் மறைக்கமாட்டேன். அவன் என் வாசலில் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. நீ அங்கே ஜன்னலில் காத்துக்கொண்டிருப்பாய் என்பதிலும் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அப்படிப்பட்டவள்தான் நான்.

பிறகு யோசித்தேன். என் வண்டியை என்னிடமே ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்து, மன்னிப்பையும் கையோடு வாங்கிக்கொண்டு போவான். இங்கேயும் ஓட்டுகிறவன் அவன்தான், வாசலில் நிற்கிறவள் நான். அது வேண்டாம்.

இரண்டு வருடமாக ஆலைக்கு ஒரு சின்ன வண்டியில்தான் போய்வருகிறேன். கியர் மாற்ற என் கால் மடங்குகிறது. ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, காலைப் பேருந்தில் வருகிறேன். அவன் துறைமுக வேலைக்குப் போன பிறகு பத்து மணிக்கு உன் கதவைத் தட்டுவேன். சீட்டை மாட்டி வை. நான்கு போல்ட்தான்.

மூத்தவளாக உன் கண்களில் முத்தமிடுகிறேன்.
பெரின்


இஸ்மீர்
10 ஜூன் 1998

அன்புள்ள பெரின் அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

கதவைத் திறந்ததும் நீங்கள் என்னைவிட அழகில்லை என்பதைத்தான் முதலில் பார்த்துக்கொண்டேன். மன்னியுங்கள். ஐந்து நிமிடம் நிம்மதியாக இருந்தேன். நான் கொடுத்த டீயை நின்றுகொண்டே குடித்தீர்கள். வாசற்படியில் பலகையைச் சாய்த்து வண்டியை இரண்டு பேருமாகத் தெருவுக்கு இறக்கினோம். பிறகு நீங்கள் அதன்மேல் ஏறினீர்கள். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிற உடம்பு வண்டியின்மேல் நிமிர்ந்துவிட்டது. மீன் கடை முனையில் நீங்கள் சாய்ந்து திரும்பியபோது பையன்கள் கைதட்டினார்கள். ஸஃபியே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். எனக்கு வயிறெல்லாம் எரிந்தது. அது அவருக்காக எரிந்த வயிறு இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மாலையில் அவர் வந்தார். காலி அறையைப் பார்த்தார். நீங்கள் வந்து எடுத்துப் போனதைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "ஓட்டிட்டா போனா? எப்படி ஓட்டினா?" என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. பொய் சொன்னேன். "தடுமாறித்தான் போனா. மூணு தடவ இன்ஜின் அணைஞ்சுது. முனை திரும்பறதுக்குள்ள ரெண்டு கால்லயும் ஊனிக்கிட்டா."

"அப்படியா" என்றார். "நான்தான் சொன்னேனே, அந்த வண்டி அவளுக்குக் கொஞ்சம் பெருசு." கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கீரை வைத்துச் சுட்ட பொரெக் இரண்டு தட்டு சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மே மாதம் தரையில் உட்கார்ந்து அழுத அதே மனிதர்தான், அக்கா. நான் தட்டோடு அடுக்களையில் நின்றேன். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

இன்று காலை உண்மையைச் சொல்லிவிட்டேன். "நேத்து நான் சொன்னது பொய். அவ நல்லா ஓட்டினா. உங்கள விட நல்லா ஓட்டினா. தெருவே பாத்துச்சு." டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார். போகட்டும். மாலையில் வந்தால் பேசுவோம். என்ன பேசுவேன் என்று இன்னும் தெரியாது. ஆனால் இனி அடுக்களையில் நின்று சாப்பிடமாட்டேன். மேஜையை நானே இழுத்துக்கொண்டு வந்து முன்னறையில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை அதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். இனி எனக்கு எழுதாதீர்கள். இந்த வருடம் அவரிடம் பேசியதைவிட உங்களிடம்தான் அதிகம் பேசியிருக்கிறேன். ஆனாலும் உங்கள் கையெழுத்தை உறையில் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சில் முள் குத்துகிறது, நேற்றைக்கும் இன்றைக்கும் அது குறையவில்லை. அது குத்தாத நாள் ஒன்று வந்தால் நானே எழுதுகிறேன். அதுவரை வளைவுகளில் சரளை பார்த்துப் போங்கள்.

உங்கள் கைகளில் முத்தமிடுகிறேன்.
மெலிஹா